சவாரிக் கோட்டை

தர்மபுரி தனி ஜில்லாவாகி நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். நல்லம்பள்ளிக்குத் தெற்கே ஒரு கம்பங்காட்டின் நடுவில் இருந்த யாகப்பனுடைய எருமைக் கொட்டாய், சர்க்கார் காகிதத்தில் திடீரென்று கோட்டையாகிவிட்டது. அதற்காக யாரும் ஒரு கல்லைக்கூட எடுத்து வைக்கவில்லை. மெட்ராஸில் ஒருவர் மிஷினில் தட்டிய ஒற்றை வரிதான் காரணம்.

இந்தப் பக்கம் பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்லத்தான் வேண்டும். ஊருக்குள் இல்லாமல் காட்டிலேயே குடியிருக்கிறவர்கள் போட்டுக்கொள்ளும் கூரைக்கு எங்கள் பக்கத்தில் கொட்டாய் என்று பேர். ஒரு பாதியில் எருமை, மறு பாதியில் மனுஷர். முதலில் போட்டவர் பேரே அந்த இடத்துக்கும் பேராக ஒட்டிக்கொள்ளும். நஞ்சப்பன் கொட்டாய், மாதையன் கொட்டாய் என்று காட்டுக்குக் காடு உண்டு. யாகப்பனுடைய பாட்டனார் பேர் சவரி. சவேரியார் நினைவாக மாதாகோயிலில் வைத்த பேர். ஆகவே அது சவரி கொட்டாய்.

இதை ஒரு ஜாபிதாவில் இங்கிலீஷில் தட்டினார்கள். இங்கிலீஷுக்குக் குறிலும் ஒன்றுதான், நெடிலும் ஒன்றுதான். அதை மறுபடி தமிழாக்கியவர் மெட்ராஸைத் தாண்டாதவர். கொட்டாய் என்ற வார்த்தையைக் காதால் கேட்டதில்லை. அவர் கையில் சவரி சவாரியானார், கொட்டாய் கோட்டையாயிற்று. சவாரிக் கோட்டை! பேரிலேயே குதிரைப் படை இருக்கிறதே என்று பூரித்துப்போய், பக்கத்தில் 'மிக முக்கியம்' என்று சிவப்பு மையில் எழுதிவிட்டார்.

அது போய்ச் சேர்ந்த இடம் 'தொன்மைக் கட்டட இடமாற்று மற்றும் மெய்யுருச் சீரமைப்பு வாரியம்'. பேரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தவர்களுக்குத்தான் அங்கே பதவி உயர்வு என்று கேலி பேசுவார்கள். பழைய கட்டடங்களைப் பெயர்த்து எடுத்து வந்து, அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையோரம் வளைத்துப் போட்ட புறம்போக்கில், இருந்தது இருந்தபடியே நிறுத்தி ஜனங்களுக்குக் காட்டுவது வாரியத்தின் வேலை. திறந்தவெளிக் காட்சிச்சாலை என்று வளைவு வைத்தாயிற்று. டிக்கெட் கொடுக்கிற அறையும் கட்டியாயிற்று. ஆனால் கட்டடம்தான் ஒன்றும் அகப்படவில்லை. கோயில்காரர்கள் கிட்டே சேர்க்கவில்லை. பழைய ஜமீன் மிட்டாதார் வீட்டார் கோர்ட்டில் தடை வாங்கிவிட்டார்கள். மறுத்துப் பேசத் தெம்பில்லாதவனுடைய கோட்டை ஏதாவது இருக்காதா என்று வாரியம் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் சிவப்பு மை வந்து சேர்ந்தது.

தனி அலுவலர் தீர்த்தகிரி, ஓவர்சியர் மாரப்பனைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் புறப்பட்டார். கம்பங்காட்டு வரப்போடு வந்து கொட்டாய்க்கு முன்னால் ஜீப் நின்றது. யாகப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

"சவாரிக் கோட்டை எங்கப்பா இருக்குது?"

"இதாங்க ஐயா சவரி கொட்டாய்."

"எது?"

"நீங்க நிக்கறதே கொட்டாய் வாசல்தாங்க."

தீர்த்தகிரி பார்த்தார். தென்னங்கீற்றுக் கூரை, இடுப்புயர மண் சுவர், உள்ளே அசைபோடும் எருமை. மாரப்பன் இந்த ஜில்லாக்காரர். விஷயம் அவருக்குப் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. "சார், இது நம்ம பக்கத்து எருமைக் கொட்டாய்ங்க சார்" என்று காதோரம் சொன்னார்.

"ரெகார்டுல என்ன இருக்குது மாரப்பன்?"

"கோட்டைன்னு இருக்குதுங்க."

"அப்ப நம்ம கண்ணுலதான் கோளாறு."

அதற்கு மேல் மாரப்பன் வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் பிள்ளைகுட்டி இருந்தது.

யாகப்பன் திறக்கத்தான் இருந்தான். ஐயா, நீங்க தப்பா வந்துட்டீங்க என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் தீர்த்தகிரி, ஜீப்பிலிருந்து மடக்கு நாற்காலியை இறக்கச் சொல்லி, "நீங்கதான் கோட்டைக்கு வாரிசுங்களா? உக்காருங்க" என்றார்.

உக்காருங்க! ஜீப்பில் வந்தவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை யாகப்பன் ஜென்மத்தில் கேட்டதில்லை. தாலுக்கா ஆபீசில் அவனுக்குக் கிடைத்ததெல்லாம் "டேய், தள்ளி நில்லுடா" தான். வேலிக்கு அந்தப் பக்கம் நஞ்சப்பன் முதற்கொண்டு நாலு கொட்டாய் ஜனமும் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. யாகப்பன் உட்கார்ந்துவிட்டான். பாவி மனுஷன், அந்த நாற்காலியில் மட்டும் உட்காராமல் இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

அவன் பெண்சாதி லூர்து மேரி சாணிக் கையோடு வந்து நின்றாள். "ஐயா, இது எருமை கட்டற கொட்டாய்ங்க. சவரிங்கறது எங்க மாமனாரோட அப்பாரு. அவரு குதுரைய சந்தையில பாத்ததோட சரிங்க."

"அம்மா சொல்றது நிஜமா?" என்று தீர்த்தகிரி யாகப்பனைக் கேட்டார்.

யாகப்பன் நாற்காலியின் கையைத் தடவினான். வேலிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். "அவ வாக்கப்பட்டு வந்தவங்க. அவளுக்கு எங்க வம்சத்தப் பத்தி என்னங்க தெரியும்" என்றான்.

லூர்து மேரி கையைத் தொட்டியில் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். அந்தத் தொட்டியைப் பார்த்ததும் தீர்த்தகிரி குனிந்தார். "குதிரைக்குத் தண்ணி காட்டுன தொட்டி. எழுதிக்குங்க மாரப்பன்." கோழி நுழைகிற ஓட்டை, வேவு பார்க்கும் துவாரமாயிற்று. கோட்டை ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்ற கேள்விக்கும் அவரே பதில் வைத்திருந்தார். "பகைவர் கண்ணுல படாம கட்டியிருக்காங்க. அதான் இத்தனை காலம் யாருமே கண்டுபிடிக்கல."

கையெழுத்து வாங்கும்போது, அடைமழை பிடிக்கிறதற்குள் மாற்று வீடு கொடுத்துவிடுவதாகத் தீர்த்தகிரி வாயாரச் சொன்னார். யாகப்பனுக்கு அது முக்கியம். அரூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த மகள் ராஜமேரிக்கு ஐப்பசியில் தலைப்பிரசவம். தாய் வீட்டுக்குத்தானே வரவேண்டும்?

"அவ வந்தா எங்கீங்க படுக்க வெப்பீங்க?" என்று லூர்து மேரி கேட்டாள்.

"ஓட்டு வூடே குடுப்பாங்க, பாரு. ஆபீசரே சொல்லிட்டாரு."

"ஆபீசரு இதக் கோட்டைன்னும்தான் சொன்னாரு" என்றாள் அவள்.

பிரிக்கிற கூத்து ஆரம்பமானது. மெய்யுருச் சீரமைப்பு என்றால் சும்மாவா? ஒவ்வொரு கீற்றுக்கும் பெயிண்டால் நம்பர் போட்டார்கள். மூங்கிலுக்கு நம்பர், கட்டின கயிற்றுக்கு நம்பர். மண் சுவரை உடைத்து, உடைந்த கட்டிக்கெல்லாம் நம்பர் போட்டு லாரியில் ஏற்றினார்கள். நெடுஞ்சாலைக் குலுக்கலில் கட்டியெல்லாம் தூளாகிப் போய்ச் சேர்ந்தது. வாரியம் அசரவில்லை. தூளை மூட்டை கட்டி, மூட்டைக்கு நம்பர் போட்டது. அடுப்பங்கரைப் புகைக்கரி வழியில் உதிர்ந்துபோனதால், பழைய கறுப்பை மறுபடி உண்டாக்க ஈர விறகு எரிக்கப் புகை உதவியாளர் என்று ஒரு பதவி ஏற்படுத்தினார்கள். அதற்கு எம்.எல்.ஏ. சிபாரிசோடு ஆள் வந்தது.

வடக்கு மூலையில் கூரை ஒழுகும் என்று யாகப்பன் வெகுளியாகச் சொல்லிவைத்தான். வழியில் நொறுங்கிய கீற்றுக்குப் பதில் புதுக் கீற்று வைத்ததில் அந்த இடம் ஒழுகவில்லை. குழு கூடிக் கவலைப்பட்டது. கடைசியில் தேர்ந்த வேலைக்காரரை விட்டு, அளவெடுத்து, அதே இடத்தில் ஒழுக வைத்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே சாணி. சுவருக்கு மெழுகும் சாணி அதே எருமையின் சாணியாக இருந்தால்தான் மெய்யுரு என்று விதியாம். எருமையோ நஞ்சப்பன் கொட்டாய்ப் புளிய மரத்தடியில் நின்றது. யாகப்பன் குடும்பமும் நஞ்சப்பன் தன் கொட்டாய்ச் சுவரையொட்டி இறக்கிக் கொடுத்த ஒட்டுச் சாய்ப்பில்தான் கிடந்தது. ஆகவே காலையில் வாரியத்து ஜீப் சாணி எடுக்க வரும். லூர்து மேரி கூடையை நீட்டும்போதெல்லாம் டிரைவரைக் கேட்பாள். "ஏங்கண்ணா, மாத்து வூடு என்னாச்சுங்க?"

"அது வேற செக்‌ஷன்ம்மா. நான் சாணி செக்‌ஷன்."

புரட்டாசி பிறந்ததும் யாகப்பன் தானே அதியமான்கோட்டைக்குப் போனான். தீர்த்தகிரி அன்போடு உட்கார வைத்தார். "உங்க விஷயமாத்தான் ரொம்ப யோசிச்சுட்டு இருக்கோம். விதிப்படி, எடுத்த கட்டடத்துக்குச் சமமான கட்டடம் குடுக்கணும். எடுத்தது கோட்டை. உங்களுக்குப் போயி ஓட்டு வூடு குடுத்தா வரலாறு எங்கள மன்னிக்குமா?"

"வரலாறு மன்னிக்காட்டி போவுதுங்க. ஓட்டு வூடே போதுங்க ஐயா."

"நீங்க பெருந்தன்மையாச் சொல்லலாம். விதி ஒத்துக்காது. உங்களுக்குக் கோட்டைதான் குடுக்கணும். ஆனா புதுசாக் கோட்டை கட்ட இந்த வாரியத்துக்கு அதிகாரம் இல்ல."

அப்போதாவது அது கொட்டாய்ங்க என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே! நாலு பேர் பார்க்க நாற்காலிக்கு ஆசைப்பட்டுப் பொய்யனாக உட்கார்ந்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே! அவன் முகத்தைப் பார்த்து இரங்கிய தீர்த்தகிரி, கோட்டைக் காவலர் வேலையை அவனுக்கே போட்டுக் கொடுத்தார். வம்ச உத்தியோகம் என்றார். காக்கிச் சட்டை, சிவப்புத் தலைப்பாகை, ஊதல். ஒரே நிபந்தனைதான்: கோட்டைக்குள் யாரையும் தங்க விடக்கூடாது, முக்கியமாகக் காவலரின் உறவினரை.

வேலையில் சேர்ந்த அன்றைக்குப் பார்த்தான், அவனுடைய கொட்டாய் அங்கே நின்றது. கிட்டப் போனபோது நிலையின் மேல்கட்டைக்குக் கண் போயிற்று. அவன் அப்பா சுண்ணாம்பால் போட்ட சிலுவை அங்கே அப்படியே இருந்தது, அதைச் சுற்றி மட்டும் கண்ணாடிச் சட்டம். கீழே சீட்டு: 'படைத்தலைவனின் வாள் சின்னம்.'

"அருமையான வாளுங்க" என்று தீர்த்தகிரி தோளில் தட்டினார். "இல்லீங்களா?"

"ஆமாங்க" என்றான் யாகப்பன். நெற்றிக்குப் போன கை சிலுவை போடாமல் தலைப்பாகையைச் சரிசெய்துவிட்டு இறங்கியது.

நஞ்சப்பன் விடுவானா? "என்னங்க கோட்டைக்காரரே, எருமை உங்க அரண்மனைக்கு எப்ப திரும்புதுங்க?" என்று தினம் ஒரு தரம் கேட்பான். ராஜமேரியை அழைத்துவந்து அந்த ஒட்டுச் சாய்ப்பில்தான் பாய் போட்டார்கள். "என்னப்பா இது, நம்ம வூட்டையே காணோம்?" என்று அவள் சிரித்துக்கொண்டு கேட்டாள். சிரித்துக்கொண்டு கேட்டதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

திறப்பு விழா ஐப்பசியில் வந்தது. வாரியத் தலைவர் மெட்ராஸிலிருந்து காரில் வந்தார். பந்தல், மைக், மாவிலைத் தோரணம். யாகப்பனை மேடைக்குக் கூப்பிட்டுக் குதிரைப் படைத் தளபதியின் நேர் வாரிசு என்று அறிமுகப்படுத்தி, தலைவர் அவன் கையைக் குலுக்கினார். பிறகு பேசினார்.

"அன்பார்ந்த பெரியோர்களே! இந்தக் கோட்டையில் மனிதர்கள் குடியிருந்த காலமெல்லாம் இதற்கு ஆபத்துக்காலம். உள்ளே அடுப்பு மூட்டினார்கள். ஆடு மாடு கட்டினார்கள். பாய் போட்டுப் படுத்தார்கள். ஏன், பிள்ளைகூடப் பெற்றிருக்கிறார்கள்! அத்தனை ஆபத்துகளிலிருந்தும் இதை மீட்டு நிறுத்தியிருக்கிறோம். மக்களின் வரலாற்றை மக்களிடமிருந்தே காப்பாற்றியிருக்கிறோம். இனி எவரும் இதில் வாழ முடியாது என்பதைப் பெருமிதத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்!"

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போயிற்று. யாகப்பனும் தட்டினான். எல்லோரும் தட்டும்போது தட்டாமல் எப்படி நிற்பது?

பேச்சு முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை, சாதாரண மழையா? பந்தல் பிய்ந்து தொங்கியது. ஜனம் வளைவை நோக்கி ஓடியது. தலைவரும் தீர்த்தகிரியும் இன்னும் நாலு அதிகாரிகளும் கோட்டைக்குள் ஒதுங்கி, வடக்கு மூலையை விட்டுத் தள்ளி நின்று காப்பி குடித்தார்கள். அதிகாரிகள் நிற்பது தங்குவது ஆகாதாம். யாகப்பன் ஊதலும் கையுமாக வாசலில் நனைந்தான்.

அப்போது நெடுஞ்சாலையில் ஒரு பஸ் நின்றது. இரண்டு பெண்பிள்ளைகள் இறங்கினார்கள். ஒருத்தி இன்னொருத்தியை அணைத்துப் பிடித்துக்கொண்டு சேற்றில் வந்தாள். கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது, லூர்து மேரியும் ராஜமேரியும். காலையிலேயே வலி கண்டு, தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்கு பஸ் ஏறியிருக்கிறார்கள். பாதி வழியில் பனிக்குடம் உடைந்துவிட்டது.

"ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்காதுங்க" என்றாள் லூர்து மேரி. மூச்சு வாங்கியது. "நம்ம வூடு இங்கதானே இருக்குதுன்னு எறங்கிட்டேன். கொஞ்சம் தள்ளுங்க. இவள உள்ள படுக்க வெக்கணும்."

யாகப்பன் தள்ளவில்லை. "மேரி, இப்ப... உள்ள பெரிய ஆபீசருங்க இருக்காங்க" என்றான் மெல்ல.

"எங்க வூட்டுல அவுங்க நிக்கலாம், எம்மவ படுக்கக் கூடாதுங்களா?"

சத்தம் கேட்டு, காப்பி டம்ளரோடு தீர்த்தகிரி வாசலுக்கு வந்தார். அவர் தோளுக்குப் பின்னால் தலைவரின் முகம். சற்று முன் யாகப்பன் கையைக் குலுக்கிய அதே முகம்.

"யாரு காவலரே இவங்க? உங்க ஆளுங்களா?"

யாகப்பன் பார்த்தான். லூர்து மேரியின் சேலை முழங்கால் வரைக்கும் சேறு. ராஜமேரி நிலையைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அவள் நடை பழகும்போது பிடித்த நிலை. ஆமாங்க, எம்பொண்டாட்டி, எம்மவ; இது கோட்டையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல, எங்க கொட்டாய்ங்க. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொன்னால் உத்தியோகம் போகும். அதுகூடப் பரவாயில்லை. தளபதியின் வாரிசு என்று மைக்கில் சொன்னார்களே, அத்தனை பேருக்கும் முன்னால் அது போகுமே!

"தெரியாதுங்க ஐயா" என்றான். "பஸ்ஸுல போறவங்க போலத் தெரியுதுங்க."

தன் குரல்தானா என்று அவனுக்கே திடுக்கென்றது. அதோடு நின்றானா? அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று ஊதலை எடுத்து ஊதவும் செய்தான். "உள்ள அனுமதி இல்லீங்கம்மா. போங்க, போங்க."

அப்பா என்று கூப்பிட வாயெடுத்த ராஜமேரி, கூப்பிடாமலே வாயை மூடிக்கொண்டாள். லூர்து மேரி சண்டை போடவில்லை, சாபம் விடவில்லை. அவனை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மகளைத் திருப்பி அணைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள்.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பச்சியப்பன் டீக்கடை. கடைக்குப் பின்னால் அவனுடைய மாட்டுக் கொட்டாய். அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மாட்டை அவிழ்த்து மழையில் கட்டிவிட்டு, காய்ந்த வைக்கோலை உதறிப் போட்டு, "உள்ள கூட்டியாங்கம்மா" என்றான். பெண்சாதியை வெந்நீர் வைக்கச் சொல்லிச் சத்தம் போட்டான். இதெல்லாம் யாகப்பனுக்குக் கோட்டை வாசலிலிருந்தே தெரிந்தது. அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே தலைவர், காவலர் கண்டிப்பானவர் என்று மெச்சிக்கொண்டிருந்தார்.

மழை விடுகிற வழியாக இல்லை. கார் கிளம்பியது, ஜீப் கிளம்பியது. கடைசி விளக்குச் சிவப்பும் மறைந்த பிறகு யாகப்பன் ரோட்டைத் தாண்டினான். தாண்டுவதற்குள் மாட்டுக் கொட்டாயிலிருந்து குழந்தை வீறிட்ட சத்தம் கேட்டது. தலைப்பாகைச் சாயம் கரைந்து சட்டையெல்லாம் சிவப்பாக வழிய, கொட்டாய்க்கு வெளியே போய் நின்றான்.

பச்சியப்பன் எட்டிப் பார்த்தான். ஆளைத் தினமும் பார்க்கிறவன்தான். உள்ளே திரும்பி, "ஏம்மா, எதுத்தாப்புல கோட்டைக்காரரு வந்து நிக்கறாரு. உங்களுக்கு வேண்டியவருங்களா?" என்று கேட்டான்.

உள்ளே துணி கசக்கிப் பிழிகிற சத்தம் கேட்டது.

"தெரியாதுங்கண்ணா" என்றாள் லூர்து மேரி. "மழைக்கு ஒதுங்க வந்திருப்பாரு. பாவம், நனையறாரு. உள்ள வந்து நிக்கச் சொல்லுங்க."

"வாங்க, உள்ள வாங்க" என்று பச்சியப்பன் படலைத் திறந்து பிடித்தான்.

யாகப்பன் படலைத் தாண்டவில்லை. ஆணா பெண்ணா என்று கேட்கவும் வாய் வராமல், அங்கேயே மழையில் நின்றான்.